பின் அலமாரிக்கு வந்தவர்கள்

புத்தகம் விற்கிற தொழிலில் சரக்கு அழுகாது, புளிக்காது, எலி கடித்தாலும் பாதி விலைக்காவது போய்விடும். ஆனால் விற்கிறவனுக்கே அந்தச் சரக்கில் ருசி தட்டிவிட்டால், அவனைப் போலத் தனிமையான ஆள் ஊரில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

புத்தகக் கடையில் நின்று நின்று கால் கடுத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று புரியாது. "நாள் பூராவும் புத்தகங்களோடு இருக்கிறாய், கொடுத்துவைத்தவன்" என்பார்கள். சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவனாவது எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், "குழம்பு எப்படிங்க?" என்று கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாவலை முடித்துவிட்டு, அதைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைக்காமல் ஈப்போ பட்டணத்தில் வருஷக்கணக்காகத் தவித்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்த கதை இது. ரப்பர் விலை விழுவதும் எழுவதுமாக இருந்த காலம். நான் கும்பகோணம் பக்கத்திலிருந்து தனியாகக் கப்பலேறி மலாயாவுக்கு வந்து, ஈப்போவில் ஒரு ராவுத்தர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடைக்கு மேலே மாடியில் ஒரு மூலை எனக்கு. கடையில் சிலேட்டு, பலப்பம், மைக்கூடு, பஞ்சாங்கம், சாமி படம் எல்லாம் உண்டு. முன் அலமாரி நிறையப் பாடப்புத்தகங்கள். பின் அலமாரியில் மதராஸிலிருந்து பினாங்குக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து ரயிலில் வந்து சேர்ந்த நாவல்கள். முன் அலமாரி எங்களுக்குச் சோறு போட்டது. பின் அலமாரிக்கு ஆள் வருவதே அபூர்வம்.

கேள்வி கேட்க ஆள் இல்லை

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி வருவார். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற வேலையில்லையா, கடைக்குள்ளும் அதே தோரணைதான். தலைப்பாகையும் கோட்டுமாக உள்ளே நுழைந்து, "மூணாங்கிளாஸு புஸ்தகம் ஒண்ணு குடு" என்பார். மகனுக்கு. போன வருஷப் புத்தகம் கிழிந்துவிட்டதாம். கிழியும் அளவுக்குப் படித்திருக்கிறானே என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. பின் அலமாரியிலிருந்து படம் போட்ட ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து அவர்முன் வைத்தேன். ராஜகுமாரன், குதிரை, காடு, பூதம் என்று எல்லாம் உண்டு, பையன் விடமாட்டான் என்றேன்.

அவர் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பினார். பக்கங்களைப் புரட்டி, பாட எண் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை. பாடத்துக்குக் கீழே வினாக்கள் உண்டா என்று பார்த்தார். அதுவும் இல்லை. புத்தகத்தை மரியாதையாகவே திருப்பித் தந்தார்.

"ஏம்ப்பா, ஸ்கூல்ல குடுக்காத புஸ்தகத்த இவன் படிச்சுட்டு உக்காந்திருந்தா, கேள்வி கேக்குறது யாரு?"

திருடன் கடைசிப் பாடத்தில்

சம்பள நாளில் ஒரு தகரப் பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு தோட்டங்களுக்குப் போவேன். புடவைக்காரர், வளையல்காரர், மிட்டாய்க்காரர் எல்லாருக்கும் நடுவில் நானும் கடை விரிப்பேன். ஒரு தோட்டத்தில் அஞ்சலை என்று ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிற பெண் ஒருத்தி, கல்யாணமான புதிது, தைரியமாக வந்து வைர மோதிரம் களவுபோன ஒரு துப்பறியும் நாவலை வாங்கினாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தவளாம். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அந்த நாவலை நானும் படித்திருந்தேன். திருடன் யார் என்பதில் எனக்கே ஒரு மனத்தாங்கல் இருந்தது. அடுத்த சம்பள நாளில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

அடுத்த மாதம் போய், "படிச்சாச்சா அஞ்சலை? எப்படி இருக்கு?" என்றேன். அவள் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினாள்! காற்புள்ளி வந்த இடத்தில் நிறுத்தி, முற்றுப்புள்ளி வந்த இடத்தில் மூச்சு வாங்கி, பிசகே இல்லாமல் போய்க்கொண்டிருந்தாள். பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் கூடச் சொல்லும். ஒரு பாடத்தைக் கைகட்டி ஒப்பித்தால்தான் அடுத்த பாடத்துக்குப் போக விடுவார். படிப்பது என்றால் அவளுக்கு அதுதான். நாவலையும் அப்படியே படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் அத்தியாயத்துக்கு இன்னும் வரவில்லை.

"அதெல்லாம் வேண்டாம்மா, விறுவிறுன்னு கடைசிவரை போயிடு, திருடன் யாருன்னு தெரிஞ்சா பேசலாம்" என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, பரீட்சையில் பார்த்து எழுதச் சொன்னவனைப் பார்க்கிற பார்வை.

"அவசரப்பட்டா எப்புடிண்ணே? மொதப் பாடமே இப்பத்தான் வாயில நிக்கிது. திருடன் கடேசிப் பாடத்துலதான வாரான், வரட்டும்லா."

வாத்தியாரின் பென்சில்

படித்தவர்களிடம் போயிருக்க வேண்டும், தப்பு நம்முடையது என்று எண்ணிக்கொண்டேன். தாப்பா பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார், வகுப்புப் புத்தகங்கள் எடுக்க எங்கள் கடைக்கு வருவார். நல்ல மனிதர். தமிழைக் கடித்துத் துப்பாமல் முழுசாகப் பேசுகிறவர். அவரிடம் ஒரு நாவலைக் கொடுத்து, பணம் வேண்டாம், படித்துவிட்டு வந்து உங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னால் போதும் என்றேன். கதாநாயகி கடைசியில் ஆற்றில் விழுந்து சாகிற நாவல் அது. படித்த எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு அந்தச் சாவு வந்திருக்கவே கூடாது என்று யாரிடமாவது சண்டை போடாமல் என்னால் இருக்க முடியவில்லை.

வாத்தியார் அடுத்த முறை வந்தபோது நாவலைத் திருப்பித் தந்தார். பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில். கடினமான வார்த்தைகளுக்கெல்லாம் ஓரத்தில் பொருள். ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் அழகான கையெழுத்தில் வினாக்கள்: 'மாமனார் எந்த ஊருக்குப் பயணமானார்? ஏன்?' மனிதர் மெனக்கெட்டிருக்கிறார். என்மேல் உள்ள அன்பினால் செய்திருக்கிறார். அது தெரிந்ததனால்தான் எனக்கு அழுகையே வந்தது. "அதெல்லாம் சரி சார், அந்தப் பொண்ணு செத்துப்போனதப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நிஜமாகவே யோசித்தார்.

"அவ செத்ததுல எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்ல தம்பி, ஆனா அந்த அத்தியாயத்துல கேள்வி எடுக்குற மாதிரி ஒரு விஷயமும் இல்லையே."

நின்றுகொண்டே படித்தவன்

இனிமேல் யாரையும் தேடுவதில்லை என்று முடிவெடுத்த சமயத்தில்தான் ராசநாயகம் வந்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் பெரிய கிராணி, அதாவது குமாஸ்தா. பையன் ஊரில் உள்ள இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. சீமையிலிருந்து கேள்வித்தாள் வரும் பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பரீட்சைக்கு வைத்த இங்கிலீஷ் கதைப் புத்தகத்துக்கு அட்டை போடத் தடித்த காகிதம் வாங்க வந்தவன், காகிதத்தை மறந்துவிட்டுப் பின் அலமாரிக்குப் போனான். நான் கவனிக்காத மாதிரி கவனித்தேன். ஒரு நாவலை எடுத்து, நின்றபடியே படிக்க ஆரம்பித்தான். விளக்கேற்றும் நேரம்வரை படித்தான். முதலாளி ராவுத்தர் இருமிப் பார்த்தார். அசையவில்லை.

மறுநாளும் வந்தான், அதற்கடுத்த நாளும் வந்தான். நாலாவது தடவையோ என்னவோ, தானாகவே என் பக்கம் திரும்பி, "இந்தாள் பொய் சொல்லுறான் எண்டு எனக்கு முதலே தெரியும் அண்ணை" என்றான். கதையில் வருகிற ஜமீன்தாரைத்தான் சொல்கிறான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த வாக்கியம்! அன்று நாங்கள் இருவரும் அந்த ஜமீன்தாரைப் பிய்த்து எடுத்துவிட்டோம்.

பள்ளிக்கூடத்தில் வைத்த புத்தகமும் கதைதானே, அது பிடிக்கவில்லையா என்று ஒரு நாள் கேட்டேன். பிடிக்குமோ பிடிக்காதோ, அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு நேரமே கொடுக்கவில்லையாம். நாளுக்கு ஒரு பக்கம், அதிலும் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப்போட்டு, யார் யாரிடம் எப்போது சொன்னது என்று எழுத வேண்டுமாம். கதை ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை என்றான். அந்தப் புத்தகத்தை மேசையில் திறந்து வைத்துவிட்டுத்தான் எங்கள் கடைக்கு நழுவி வருவானாம். நின்றுகொண்டே படிக்கிறாயே, கால் வலிக்கவில்லையா என்றதற்குச் சிரித்தான்.

"இதைப் பற்றி ஒருத்தரும் என்னைக் கேள்வி கேக்க மாட்டினம் எண்ட எண்ணம் இருக்குதே அண்ணை, அதுதான் இதின்ரை ருசி."

பூசையில் வைக்காத புத்தகம்

சரஸ்வதி பூசை வந்தது. உங்களுக்குத் தெரியும், அன்று புத்தகங்களையெல்லாம் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், மறுநாள் பிரித்து எடுக்கும்வரை யாரும் படிக்கக்கூடாது. வருஷத்தில் ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொர்க்கம். எனக்கோ அது பெரிய துன்பமான நாள். ராவுத்தர் கடை என்பதால் கடை திறந்திருக்கும். ஆனால் பாடப்புத்தகம் வாங்க ஒரு குஞ்சும் வராது. மாடியில் என் பெட்டிமேலிருந்த இரண்டு புத்தகத்தையும் நானும் சாமிக்கு வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பேன்.

அன்று காலையிலேயே ராசநாயகம் வந்துவிட்டான். நெற்றியில் திருநீறு, கையில் வாழையிலைத் துண்டில் சுண்டல். நேரே பின் அலமாரிக்குப் போய், இரண்டு பாகமாக வருகிற ஒரு பெரிய நாவலின் முதல் பாகத்தை எடுத்தான். "இன்னைக்குப் புத்தகத்தைத் தொடலாமா?" என்று பதறினேன். வீட்டில் அவனுடைய பாடப்புத்தகங்கள் அத்தனையும் பூசையில் அடுக்கியாயிற்றாம். நான் இரவல் கொடுத்து, அவன் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த நாவலை அம்மா கண்டுபிடித்து, இந்தக் குப்பையைப் புத்தகங்களோடு வைக்காதே என்று தள்ளிவிட்டாளாம். நாங்கள் இரண்டு பேரும் சாக்கு விரித்து உட்கார்ந்து, அவன் ஒரு அத்தியாயம், நான் ஒரு அத்தியாயமாக மாற்றி மாற்றிச் சத்தம்போட்டுப் படித்தோம். புருஷனை விட்டு வெளியேறிய ஒரு பெண் திரும்பிப் போவாளா மாட்டாளா என்கிற இடத்தில் முதல் பாகம் முடிந்தது. போவாள் என்றேன் நான். போகமாட்டாள் என்றான் அவன். இரண்டாம் பாகம் இன்னும் மதராஸிலிருந்து வரவில்லை. வந்ததும் இருவரும் சேர்ந்துதான் படிப்பது என்று பேசிக்கொண்டோம். மலாயாவில் நான் இருந்த காலம் முழுவதையும் தட்டிச் சலித்தாலும் இப்படி ஒரு நல்ல நாள் எனக்குக் கிடைக்காது. சரஸ்வதிக்குக் கோபம் வராதா என்று கிளம்பும்போது கேட்டேன்.

"இது புத்தகமே இல்லையெண்டு அம்மாவே சொல்லிப்போட்டா, பிறகென்ன சரஸ்வதிக்குக் கோவம்?"

குடையோடு வந்தவர்

பூசை முடிந்து சில நாளில், வெள்ளைக் கோட்டும் குடையுமாக ஒருவர் வந்தார். குடையை மடக்கி, முன் அலமாரியில் சாய்த்து, கைக்குள்ளிருந்த ஒரு நாவலை மேசைமேல் வைத்தார். ராசநாயகத்தின் அப்பா. பரீட்சை நெருங்கிவிட்டது, அது முடியும்வரை தன் மகனுக்கு இந்தக் கடையில் கதைப் புத்தகம் காட்டவே கூடாது என்றார். சத்தம் போடவில்லை. ராவுத்தர், "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்று நாலுதரம் சொன்னார். பள்ளிக்கூடப் புத்தகங்கள் வாங்குகிற அத்தனை யாழ்ப்பாணத்து வீடுகளும் அவர் பேச்சைக் கேட்கும். ராவுத்தரைக் குறை சொல்ல முடியாது.

நான்தான் வாயை அடக்க முடியாமல், நல்ல கதைங்க, கெட்ட விஷயம் ஒன்றும் அதில் இல்லை என்று முனகினேன். அவர் குடையைக் கையில் எடுத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. நெடுநாளாகத் தூங்காதவர் முகம் அது.

"கூடாத கதையெண்டு ஆர் சொன்னது தம்பி? முழுக்க வாசிச்சனான், நல்ல கதை, அதுதான் எனக்குப் பயம்."

தடை நீங்கியது

அவன் வரவில்லை. இரண்டாம் பாகம் வந்தது. கட்டைப் பிரித்து முதலில் அதைத்தான் எடுத்தேன். மேல் தட்டில் வைத்தேன். படிக்கவில்லை. சேர்ந்து படிப்பது என்று சொல்லியிருக்கிறோமே. தினம் கடை சாத்தும்போது அதைப் பார்ப்பேன், அந்தப் பெண் உள்ளே போவதா வேண்டாமா என்று வாசற்படியில் நிற்கிற மாதிரியே இருக்கும். அவனுக்குப் பிடிக்கும் என்று தோன்றிய வேறு நாவல்களையும் பக்கத்தில் சேர்த்து வைத்தேன். ஒருவர் கேட்டதற்கு, விற்றுப்போய்விட்டது என்று பச்சைப் பொய் சொன்னேன்.

பரீட்சை முடிந்து, கப்பலில் முடிவும் வந்தது. தேறிவிட்டான். அதையும் அவன் அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாரிட் புந்தாரில், நெல்வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற சர்க்கார் ஆபீசில் கிராணி வேலையும் கிடைத்து, அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டானாம். மனிதருக்கு நடை மாறியிருந்தது, பத்து வயது குறைந்திருந்தார். பள்ளிப் புத்தகங்களையெல்லாம் வேறு ஒரு பொடியனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, என் தோளில் கையை வைத்தார்.

"இனி அவன் விரும்பின கதையை விரும்பின மாதிரி வாசிக்கட்டும் தம்பி, நான் குறுக்கை நிக்க மாட்டன்."

பாரிட் புந்தார்

அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டுகள் அனுப்ப வேண்டியிருந்தது. நானே கொண்டுபோகிறேன் என்று ராவுத்தரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேல் தட்டில் வைத்திருந்த நாவல்கள் முழுவதும் தகரப் பெட்டியில். ரயிலில் போகும்போது, முதலில் எதைப் பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி புது வேட்டி வேறு.

ராசநாயகம் என்னைக் கண்டதும் ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். அந்த அன்பில் குறையே சொல்ல முடியாது. ஆபீஸ் கொடுத்த சின்ன வீடு. சுற்றிலும் வயல். மாலை நாலு மணிக்குமேல் செய்ய வேலை கிடையாதாம். பேச ஆள் கிடையாதாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது, இதைவிட நாவல் படிக்க வாகான இடம் ஏது? பால் டின்னைத் திறந்து தேநீர் கலந்து தந்தான். நான் பெட்டியைத் திறந்து, இரண்டாம் பாகத்தை எடுத்து அவன் கையில் வைத்தேன். "போனாளா இல்லையான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும்" என்றேன்.

அவன் அதை வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு, ஒவ்வொன்றாக எல்லா நாவலையும் வாங்கி, மேசையில் ஒழுங்காக அடுக்கினான். உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து, விலை பேசாமல் கொடுத்தான். கடையில் எத்தனை மாதம் காசு கொடுக்காமல் நின்று படித்திருக்கிறான்! அப்போது ஒருநாள்கூட எனக்கு நஷ்டமாகத் தோன்றவில்லை. இப்போது முழுப்பணமும் கையில் இருக்கிறது, நெஞ்சு வெறிச்சென்று இருக்கிறது.

"இப்பவே ஒரு அத்தியாயம் படிக்கலாமா?" என்று கேட்டேன். சரி என்று உட்கார்ந்தான். ஒரு பக்கம் படித்தான். குரலில் ஒன்றும் இல்லை. பாதியில் நிறுத்தி, ஜன்னல் வழியே வயலைப் பார்த்தான். அப்பா இல்லை, அம்மா இல்லை, திறந்து வைத்துவிட்டு நழுவ ஒரு பரீட்சைப் புத்தகம் இல்லை. வந்த புதிதில் நாலைந்து தடவை முயன்று பார்த்தானாம், தூக்கம்தான் வந்ததாம். என்னை ஏமாற்றுகிறோமே என்று அவனுக்கே வருத்தமாக இருந்தது. அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

"கோவிக்காதேங்கோ அண்ணை, அப்ப அந்தப் பாடத்தை விட்டிட்டு இதை வாசிச்சன், இப்ப எதை விட்டிட்டு இதை வாசிக்கிறது?"

ஒரு வாசகனைத் தேடி ஈப்போவிலிருந்து பாரிட் புந்தார் வரை ரயிலேறிப் போய், நல்ல வாடிக்கைக்காரன் ஒருவனைச் சம்பாதித்துக்கொண்டு வெறும் பெட்டியோடு திரும்பி வந்த புத்தகக் கடைக்காரன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.